இடைவேளைக்கு முன்பே கண்டுபிடிக்கிறவர்

மட்டாஞ்சேரி மிளகுத் தரகர் வெங்கிடேஷைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு த்ரில்லர் படம் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இடைவேளைக்கு முன்பே கொலைகாரன் இன்னாரென்று போட்டு உடைத்துவிடுவார். பெரும்பாலும் பலித்தும்விடும். "முறைச்சுண்டு நிக்கறவனை விட்டுடணும். ஓடி ஓடி ஒத்தாசை பண்றான் பாரு, அவனாக்கும் ஆளு" என்பார். பிணத்தை முதலில் பார்த்தவன்மேலும் அவருக்கு ஒரு கண் உண்டு. இந்தக் கர்வம் வீட்டு டிவியோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நவராத்திரி முடிந்த மறுநாள், தமிழ்ப் பிராமணர்களின் பொது மண்டபமான சமூக மடத்தில் வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தைக் காணவில்லை. காணோமென்று முதலில் சொன்னவன் பாண்டியராஜன். தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பக்கத்துச் சுள்ளிக்கல்லில் குடும்பத்தோடு இருப்பவன். மடத்தில் பாத்திரம் கழுவுவதுதான் வேலை. ஆனால் இலை எடுப்பான், வயசானவர்களைக் கைப்பிடித்துப் படியிறக்குவான், எல்லாம் கேட்காமலே செய்வான். வெங்கிடேஷுக்கு இது போதாதா?

மடத்துக் காரியதரிசி சுதர்ஷனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். "எடுத்தவனே வந்து காணலைன்னு சொல்லுவான். எத்தனை படம் பாத்திருக்கேன்! அவன் பையைப் பாருங்கோ."

பார்த்தார்கள். எல்லோர் முன்னாலும் கவிழ்த்தே பார்த்தார்கள். ஒரு மாற்றுச் சட்டை விழுந்தது. மகள் மகாவுக்காக இலையில் கட்டிவைத்திருந்த சுண்டல் தரையெல்லாம் சிதறியது. பாண்டியராஜன் குந்தி உட்கார்ந்து அதைப் பொறுக்கினான். "அப்போவே வெளியில கடத்தியிருப்பான்" என்றார் வெங்கிடேஷ், அப்போதும் விடாமல். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் பாலக்காட்டிலிருந்து திரும்பிய வெங்கிடேஷின் மனைவி நீலாம்பாள், செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "ஏன்னா, மடத்துக் கிண்ணத்தைப் பாத்தேளா? கறுத்துக் கிடந்ததேன்னு விபூதி போட்டுத் துலக்க எடுத்துண்டு வந்தேன். ஊருக்குப் போற அவசரத்துல சொல்ல மறந்துட்டேன். பூஜை அலமாரில இருக்கு."

விசேஷம் முடிந்தால் மடத்து வெள்ளியை யாராவது ஒரு மாமி வீட்டுக்கு எடுத்துப்போய் விபூதியால் துலக்கிக்கொண்டு வருவது அங்கே தலைமுறை வழக்கம். அந்த மாமிகளை ஒரு வார்த்தை கேட்போமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. த்ரில்லரில் விபூதிக்கு ஏது இடம்?

கிண்ணம் பளபளவென்று இருந்தது. வெங்கிடேஷுக்கு அதைத் தொடக் கை கூசியது. யாருக்கும் தெரியாமல் மடத்துப் பரணில் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். மனைவியோடு மடத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னார். "மாமிக்கு மறதி ஜாஸ்தியாயிடுத்து" என்று எல்லோரும் சிரித்தார்கள். நீலாம்பாளுக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது.

அங்கிருந்து நேரே சுள்ளிக்கல்லுக்குப் போனார். பாண்டியராஜன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காராமல் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். "தப்பு என்னோடதாக்கும். மன்னிச்சுக்கோ."

"விடுங்க சாமி. சாமான் கெடச்சதே போதும்." அவன் சற்றுத் தயங்கினான். "உங்க வீட்டு அம்மாவ நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. அவங்களையும் எல்லார் முன்னாடியும் நிக்கவச்சுக் கேட்டாங்களா?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டான்.

"இல்லை" என்றார் வெங்கிடேஷ். அதற்குமேல் அவனை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.