மண்ணோடு இறங்கிய செடிகள்

மஸ்கெலியா பஸ் ஒரு வளைவில் நிற்கிறது. பாதையில் விழுந்த சேற்றை வழித்துக்கொண்டிருக்கிறார்கள். தூறல் விடவில்லை. போன வருடம் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை மூடிய மண்மேடு சன்னலுக்கு வெளியே தெரிகிறது. மண்ணோடு இறங்கிவந்த தேயிலைச் செடிகள் அதன்மேல் சாயாமல் நின்று, புதுக் கொழுந்து விட்டிருக்கின்றன. எனக்கு மெய்சிலிர்க்கிறது.

“இவ்வளவு நடந்தும் செடி துளிர்த்திருக்கு பாருங்க,” என்கிறேன், பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம். அவர் இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

“ஆமாங்க. ஆனா அந்தக் கொழுந்த நாங்க யாரும் எடுக்கறதில்ல. எங்க அக்காவும் புள்ளைங்களும் அதுக்குக் கீழதான் இருக்காங்க. தோண்டிப் பாத்தும் கெடைக்கல.”

பஸ் நகர்கிறது. அவர் மேட்டைப் பார்த்துக் கும்பிடுகிறார். நானும் கும்பிடுகிறேன், செடியையா மண்ணையா என்று தெரியாமல்.