பாற்செம்பை யார் எடுப்பது?

இன்று சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் நின்றது நான், ரதி அக்கா, அவருடைய கணவர், மூவர்தான். என் மகள் வரவில்லை.

டாக்டருக்குப் படித்து முடித்தவளுக்கு எமர்ஜென்சி பிரிவில் பயிற்சி இடம் கிடைத்துவிட்டது. கிடைத்தால் அவளே பாற்செம்பு எடுப்பாள் என்று நேர்ந்திருந்தேன்.

"எமர்ஜென்சியோ? இப்பத்தைப் பிள்ளையள் தோல், கண் எண்டெல்லோ போகுதுகள்," என்றார் ரதி அக்கா.

"ஓம் அக்கா, இவளுக்கு இதுதான் விருப்பம். வெளியூரில ஆள் குறைவாம், டபோவில குடுத்திட்டினம். போன கிழமை போயிட்டாள்."

அவர் கணவர் சிரித்தார். "தங்கச்சி, நேர்த்தி வைக்கேக்க சிட்னி எண்டு சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. பிரிவைச் சொன்னேன், ஊரைச் சொல்ல மறந்துவிட்டேன். டபோ காரில் ஐந்து மணி நேரம்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் எடுத்தேன்.

"ஷிஃப்ட்ல நிக்கிறன் அம்மா. எனக்காக நீங்களே எடுங்கோவன், ப்ளீஸ்." பின்னால் யாரோ வலியில் கத்தினார்கள். வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் எனக்கும் அவளுக்கும் சோறு போட்டுவிட்டேன்.

இனி முருகனிடம் விலாசத்தோடுதான் கேட்பேன். ஆனால் மகளுக்கு நேர்ந்த பாற்செம்பைத் தாய் எடுக்கலாமா? வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் அதற்கு முன் பதில் போடுங்கள்.