ராணியின் குரல் இருந்த தட்டு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிறவியிலேயே பார்வை இல்லாதவனை இருட்டைக் காட்டிப் பயமுறுத்த முடியாது என்று கிண்டலும் பண்ணுவேன். நீங்களும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். என் மனைவி ராணி பாடப் புத்தகங்களை எனக்காக வாசித்து கேசட்டில் பதிந்து தருவாள். அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது ஒரே கேசட். அதுவும் மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்க, கினிகத்தேனையில் ரேடியோ கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரிடம் கொடுத்து சீடியில் ஏற்றினேன். கேசட் அதோடு அறுந்தது. அவள் குரல் என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு தட்டுதான்.

ஓரத்தை மட்டும்தான் பிடிப்பேன். நடுவிலிருந்து வெளியே, பஞ்சுத் துணியால் துடைப்பேன். கீழ்ப்பக்கம் கீறல் விழக்கூடாது என்று அத்தனை கவனம், மேல்பக்கத்தைப் பற்றி யார் யோசித்தது? மற்ற சீடிகளோடு கலந்துவிடாமலிருக்க, பிரெயில் புள்ளி குத்திய ஒட்டுத்தாளை அங்கே ஒட்டியிருந்தேன். மழைக்காலத்தில் ஓரம் கிளம்பியது. புதிதாக ஒட்டலாம் என்று இழுத்தேன். தாளோடு மெல்லிய தோல் மாதிரி ஏதோ உரிந்து வந்தது.

"மாஸ்டர், பதிஞ்சதெல்லாம் இந்த மேல்பூச்சோடதான் இருக்கும். அது உரிஞ்சிட்டுது, இப்ப தட்டு வழியா அந்தப் பக்கம் என்ட விரலு தெரியுது. ஒண்ணும் செய்ய ஏலாது," என்றார் நானா, கொண்டுபோய்க் காட்டியபோது.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன், வெட்கப்படவில்லை. இரண்டாம் தடவையும் அவளைச் சாகக் கொடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. லயத்து வீட்டுக்கு வந்து, சாயங்காலம் விளக்கேற்றும் நேரம், வேறு வழி தெரியாமல் அந்தத் தட்டையே பிளேயரில் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ராணி வாசித்தாள். தடங்கலே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல. பாடத்தின் நடுவில் நிறுத்தினாள். கேசட்டில் அந்த இடத்தில் நிறுத்தவே மாட்டாள், எனக்கு அது மனப்பாடம்.

"தேத்தண்ணி ஆறிப்போவுதுங்க. வர்றீங்களா?" என்றாள்.

பிளேயர் நின்றுவிட்டது. அதன்பிறகு அந்தத் தட்டு ஒரு தடவைகூடப் பாடவில்லை.

கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வாசலில் நிற்கிறார், மூச்சு வாங்குகிறது.

"மாஸ்டர், உள்ள ராணி பேசுறது கேட்டுச்சுங்க. உங்ககிட்ட அது என்னமோ கேள்வி கேட்டுச்சு. நீங்களும் பதில் சொன்னீங்களே," என்றார்.

நான் வாயே திறக்கவில்லை. என்ன பதில் சொன்னேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சிக் கேட்டுவிட்டேன்.

"அது வேணாங்க மாஸ்டர்," என்று மட்டும்தான் இன்றுவரை சொல்கிறார்.