காப்பீட்டு மேசைக்கு இந்தப் பக்கம்

வயதானவர்களுக்குக் காப்பீட்டு அட்டை வாங்கித் தரும் வேலையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது பாதி, ஆதார் போட்டோவுக்காகத் திட்டு வாங்குவது மீதி. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள உதவி மையத்தில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்பா அம்மாவோடு இப்படியொரு மேசை முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

செத்தால் எவ்வளவு?

சீயமங்கலத்திலிருந்து வந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். அட்டையைக் கையில் கொடுத்ததும், "செத்தா எவ்ளோ வரும்?" என்று கேட்டார். செத்தால் ஒன்றும் வராது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் செலவைக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்:

"மருமவகிட்ட நீயே போன்ல சொல்லிடும்மா. அது வேற கணக்குல இருக்குது."

தம்பி மூத்தவரானது

மண்டகப்பட்டிலிருந்து ஓர் அண்ணன், தம்பி. ஆதார்படி அண்ணனுக்கு அறுபத்தெட்டு, தம்பிக்கு எழுபத்தொன்று. எழுபது ஆனவர்களுக்கான அட்டை தம்பிக்கு மட்டும்தான் வந்தது. "இவன் பொறந்தப்போ தூளி ஆட்டுனதே நான்தாம்மா!" என்று அண்ணன் மேசையைத் தட்டினார். பிறந்த தேதியைத் திருத்த எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி தன் அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு சொன்னார்:

"அது வர்ற வரைக்கும் நீ என்னை அண்ணான்னு கூப்புடு."

ஆறு எண்கள்

கண்ணம்மாவுக்கு இதய வால்வை மாற்றச் சொல்லியிருந்தார்கள். காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு வேண்டும். இரண்டு பேர் பெயரும் உள்ள கார்டு கணவரிடம். அவரோ இருபது வருஷத்துக்கு முன்பே வேறொருத்தியோடு அவலூர்பேட்டைக்குப் போய்விட்டவர். "அதுகிட்ட போயி நிக்க மாட்டேன்" என்றார் கண்ணம்மா. நானே போன் செய்தேன். அடுத்த பஸ்ஸிலேயே கார்டோடு வந்துவிட்டார். பெஞ்சின் இந்தக் கோடியில் மனைவி, அந்தக் கோடியில் கணவர்.

கார்டில் பதிந்திருந்தது கணவருடைய நம்பர் என்பதால் ஓடிபி அவர் போனுக்கு வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. போனை மெதுவாக மனைவி பக்கம் நகர்த்தினார். அஞ்சாவது வரை படித்த கண்ணம்மா, ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அடுத்து ஆஸ்பத்திரி படிவம். கூட இருப்பவர் யார் என்று கேட்டேன். "என் பேரைப் போடும்மா" என்றார் கணவர். கண்ணம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து மையத்துக்கு வந்த கண்ணம்மாவிடம், அவரோடு பேசினீர்களா என்று கேட்டேன்.

"பேச்சு இன்னா பேச்சு? டீ வாங்கியாந்துச்சு, குடிச்சேன். அவ்ளோதாம்மா."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, விண்ணப்பத்திலேயே ரொம்பச் சின்னக் கட்டத்தை 'உறவு முறை'க்குத்தான் விட்டிருக்கிறார்கள்.