வெல்டிங் கண்ணாடியை மேலே ஏற்றிய மதியம்

அறுபதுகளின் கடைசியில் செங்கம் சாலையில் என் கணவர் கார் பட்டறை வைத்திருந்தார். வீடும் அதன் பின்பக்கத்திலேயே. ஒரு கத்திரி வெயிலில் பெரிய வெளிநாட்டுக் கார் ஒன்று வந்து நின்றது. பின்சீட்டில் நெஞ்சு நோய்க்கார அம்மாள் ஒருவர் துவண்டு கிடந்தார். சாமி கும்பிடக் கூட்டி வந்திருந்தாராம் அவர் வீட்டுக்காரர்.

"ஏர்கண்டிஷன் வேலை செய்யலீங்க மேஸ்திரி. கேஸ் இறங்கிடுச்சு. சிலிண்டரு, ஓஸு எல்லாம் மெட்ராஸ்லேர்ந்தே எடுத்தாந்திருக்கோம்" என்றார் டிரைவர்.

என் கணவர் தயங்கினார். "இந்த வேலை ஒரு தடவை பாத்ததோட சரி. லீக் எங்கன்னு பாக்காம கேஸ் ஏத்தக் கூடாதுங்க."

அந்த அம்மாளின் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கினா போதும்."

அதற்கு மேல் இவரால் மறுக்க முடியவில்லை. வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கறுப்புக் கண்ணாடியில், கேஸ் அளவு காட்டும் மீட்டர் முள் தெரியவில்லை. நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிலிண்டரைத் திறந்தார்.

நான் அந்த அம்மாளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். ஓஸுக் குழாய் கழன்று துள்ளியது, வெள்ளையாகப் புகை. இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார்.

"தண்ணி… தண்ணி ஊத்து."

குடம் முழுவதையும் கண்களில் ஊற்றினேன். இமை மயிரில் கேஸின் குளிரில் உப்புப் பூத்தது போலப் பனி படிந்திருந்தது. தேய்க்கப் போன என் கையை டிரைவர் இழுத்துப் பிடித்தார்.

அதே காரில்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே இவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "என்னாலதான், என்னாலதான்" என்று வழி முழுக்க அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. பேசாதே என்று கத்த வேண்டும் போலிருந்தது.

வலது கண் பிழைத்தது. இடது கண் போய்விட்டது.

கட்டுப் பிரித்ததும் பட்டறையைத் திறந்தார். ஸ்பேனர் நட்டில் உட்காராமல் பக்கத்தில் போய் இடிக்கும். விரல் முட்டியெல்லாம் ரத்தம். நான் துணி கொண்டுபோனால், "உள்ள போ" என்பார். வண்டிகள் வருவது கம்மியாகிக்கொண்டே வந்தது.

"நட்டு தெரியுது. எவ்ளோ தூரத்துல இருக்குதுன்னுதான் தெரியல" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சாமான்களை விற்றார்.

பிறகு பெட்ரோல் பங்க்கில் வேலைக்குப் போனார். ஒருமுறை சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். இடது கையால் டாங்கியின் வாயைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குழாயைச் செருகினார். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.