தேசிங்கு பாடிய பள்ளம்

சாக்கு விரித்து உட்கார்ந்தாலும் சூடு ஏறும். எழுந்தால் பேண்ட் பின்பக்கம் முழுக்கச் செம்மண்...

ஒரகடம் பக்கம் இன்று பெரிய பெரிய கச்சேரிகள் நடக்கிற அந்தத் திறந்தவெளி அரங்கத்தைத்தான் சொல்கிறேன். போன வாரம் மகளோடு போயிருந்தேன். கருங்கல் படிக்கட்டு, கலர் கலராக லைட், ஆன்லைனில் டிக்கெட். நுழைவாயில் சுவரில் அரங்கத்தின் வரலாறு என்று வரிசையாகப் போட்டோ மாட்டியிருந்தார்கள். முதல் போட்டோவிலேயே கருங்கல் படி வந்துவிட்டது. அதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லையாம்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் நாங்கள் உட்கார்ந்தது எங்கே?

எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. சுற்றியுள்ள கம்பெனிகளுக்குத் தரையை மேடாக்க மண் எடுத்த பள்ளம் அது. லாரி இறங்கி ஏற வழிவிட்டு வெட்டியதில், ஓரமெல்லாம் தானாகவே படிப்படியாக நின்றுவிட்டது. நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவை அங்கே வைத்தது. அடியில் மேடை. ஏ ஷிஃப்ட் இடது பக்கம், பி ஷிஃப்ட் நடுவில், சி ஷிஃப்ட் வலது பக்கம். மேடை கிழக்கிலா மேற்கிலா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று தேசிங்கு பாடுவதாக இருந்தான். மணிமங்கலத்துக்காரன். லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று நட்டு முறுக்கிக்கொண்டே பாடுவான். வாடகைக்கு வந்த ஆர்கெஸ்ட்ராவோடு ஒரே ஒரு பாட்டு. அதைத்தான் ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தான்.

"டேய், நீ முன்னாடி குந்தணும். உன் மூஞ்சிய பாத்துகினே பாடிடுவேன். வேற எவனப் பாத்தாலும் தொண்ட அடச்சுக்கும்" என்றான்.

"குந்தறேன்டா. நீ முடிக்கற வரைக்கும் எங்கயும் போ மாட்டேன்."

சொன்னபடி முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தேசிங்கு மைக்கைப் பிடித்தான், என்னைப் பார்த்தான். முதல் இரண்டு வரி நன்றாகத்தான் பாடினான். ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசித்தவர், பாட்டு கெத்தாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நடுவில் சங்கு சத்தம் வருகிற ஒரு பட்டனை அமுக்கிவிட்டார்.

அசல் எங்கள் கம்பெனிச் சங்கு மாதிரியே...

ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் பத்து நிமிஷத்தில் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். விட்டால் மெயின் ரோடு வரை நடைதான். அதனால் அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் யோசிப்பதே இல்லை. மூன்று ஷிஃப்டும் ஒன்றாக எழுந்தது. பள்ளத்துக்கு மேலே நின்ற கம்பெனி பஸ்களில் அவரவர் ரூட் பார்த்து ஏறினோம். டிரைவர்களும் வண்டியை எடுத்துவிட்டார்கள், அதுதான் வேடிக்கை.

பென்னலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடித்து, பாதி வழி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஐயோ, தேசிங்கு.

திங்கட்கிழமை அவன் முகத்தைப் பார்க்க வெட்கம். அவனும் என் பக்கம் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் வேறு பிளான்ட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். காலிப் பள்ளத்தைப் பார்த்து அவன் தனியாக அந்தப் பாட்டை முடித்திருப்பானே என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் அனுப்புவான், நானும் அனுப்புவேன். அதோடு சரி.

போன வாரம், மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அந்தச் சுவர் முன்னால் நின்று அவனுக்குப் போன் போட்டேன்.

"தேசிங்கு, நம்ம ஆண்டு விழா நடந்த பள்ளம் இதானா? சொவத்துல வேற இன்னாவோ போட்டுகிறாங்க."

"மேல தண்ணி டேங்க் ஒண்ணு இருக்குமே, தெரிதா?"

"இல்லியே."

"அப்ப எனக்கும் ஒண்ணும் புரியல."

இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு நீ பாட்ட முடிச்சியா? சங்கு சத்தம் கேட்டதும் நான் பாட்டுக்கு பஸ் ஏறிட்டேன்டா. தப்புதான்."

"நீ போய்ட்டியா?" என்றான். "நானும்தான் மைக்க ஸ்பீக்கர் மேல வெச்சிட்டு பஸ் புடிக்க ஓடிட்டேன். நீ அங்க தனியா குந்திகினு இருப்பியேனு வூட்டாண்ட எறங்கறப்போதான் தோணுச்சு. அந்த வெக்கத்துலதான் பிளான்ட்டே மாத்திகினு போனேன்."

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமும் யார் யாரை விட்டுவிட்டு ஓடியது?

இப்போது அங்கே பாட்டு நடுவில் யாரும் எழுந்து ஓடுவதில்லை. சொந்த வண்டியில் வருகிறார்கள், நிதானமாகப் போகிறார்கள். ஆனால் மேடையில் நிற்பவருக்கு எதிரே ஒரு முகமாவது அடையாளம் தெரியுமா... அவ்வளவு தூரம், அவ்வளவு கூட்டம்.

"இப்ப பாடட்டா? கேக்கறியா?" என்றான் தேசிங்கு.

"பாடுடா."

அவன் ஆரம்பித்த அதே நேரம் உள்ளே கச்சேரியும் ஆரம்பித்துவிட்டது. ஒரு வரிகூட என் காதில் விழவில்லை. எங்கே நிறுத்தினான், எங்கே முடித்தான், ஒன்றும் தெரியவில்லை. அவனாகப் போனை வைக்கிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை.