எண்பத்து நான்கு மஞ்சள் கோடுகள்

அந்தத் தொழிற்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘மஞ்சக்கோடு’. ஃபிட்டர் வேலை. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பாள். பிற்பாடு அந்த போல்ட் மயிரிழை அசைந்தாலும் போதும், கோடு ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஃபிட்டர்கள் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் இவள் அதை வீட்டிலும் செய்தாள், அங்கேதான் வம்பு. குளியலறைக் குழாய், குக்கர் கைப்பிடி, கணவனின் மூக்குக்கண்ணாடித் திருகு, எதையும் விட்டுவைக்கவில்லை.

“என் கழுத்துலயும் ஒரு கோடு போட்டுடேன். நான் வேற பக்கம் திரும்பினா உடனே தெரிஞ்சுடும்ல?” என்பான் கணவன்.

“அதுக்குக் கோடு எதுக்கு? ஸ்பானரே போதும்” என்பாள் அவள்.

அவனும் அதே கம்பெனிதான். சோதனை டிரைவர். இவள் முறுக்கித் தருகிற வண்டியைச் சாலையே இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்ப்பது அவன் பிழைப்பு. பொருத்தமான ஜோடி என்று ஊரே சொல்லும். அவன் வண்டி எடுக்கிற நாளெல்லாம் அவள் படுகிற பாடு அவளுக்குத்தானே தெரியும்!

இரண்டு வருஷமாக அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு கான்செப்ட் வண்டி. கடைக்கு வருகிற ரகம் இல்லை. ‘இப்படியும் ஒன்று செய்யலாம்’ என்று காட்டுவதற்காக உலகத்திலேயே ஒன்றே ஒன்று. சக்கரம் இடுப்புயரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார். கதவு கிடையாது. பாறைமேல் ஒரு சக்கரம் இடுப்பளவு தூக்கிக்கொண்டாலும் மற்ற மூன்றும் தரையை விடாது. இந்த வித்தையையெல்லாம் செய்வது சக்கரத்தையும் வண்டி உடம்பையும் சேர்க்கிற நீளமான இரும்புக் கைகள். அந்தக் கைகளைப் பிடித்திருப்பவை எண்பத்து நான்கு போல்ட்டுகள். எண்பத்து நான்கையும் முறுக்கியவள் இவள் ஒருத்திதான்.

முதலாளிகள் வந்து பார்க்கும் நாளும் வந்தது. கூடத்துக்குப் பின்னால் பாறை அடுக்கிய சரிவு, நாற்பத்தைந்து டிகிரி, பத்து மணிக்கு அதில் வண்டி ஏற வேண்டும். எட்டரைக்கு அவள் உள்ளே நுழைந்தாள். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. குனிந்து அடியில் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கோடுகூட இல்லை!

“எப்படிக்கா இருக்கு?” என்று பல்லெல்லாம் தெரிய வந்தான், வண்டிக்கு உருவம் வரைந்த டிசைனர். “அந்த மஞ்சக் கறையெல்லாம் தின்னர் போட்டுத் துடைச்சுட்டேன். போட்டோல அசிங்கமாத் தெரிஞ்சுது.”

“கறையா? ஏம்ப்பா, உனக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா? ரெண்டு வருஷ வேலையை ஒரு துணியால துடைச்சுட்டு, கறைங்கிறியே!”

சத்தம் கேட்டுப் பெரிய இன்ஜினியர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேத்து நீங்கதானேம்மா முறுக்கினீங்க? உங்க மேலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?”

“என் கை மேல இருக்கு சார், ஞாபகத்து மேல இல்ல. கோடு இல்லாத போல்ட் முறுக்காத போல்ட். நீங்க எழுதி ஒட்டினதுதான், அதோ செவுத்துல இருக்கு.”

“பத்து மணிக்கு வந்துடுவாங்களே!”

“வரட்டும், உக்காரட்டும். மேல ஏறப்போறது என் வீட்டுக்காரர் சார்.”

அவர் நகர்ந்து வழிவிட்டார். அவள் டார்க் ரென்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். அந்த ரென்ச்சில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று முன்பே வைத்துவிடலாம். அந்த அளவைத் தொட்டதும் ‘டிக்’ என்று சொல்லும். ஏற்கெனவே இறுகிய போல்ட் என்றால் அசையாமலே சொல்லிவிடும். கணவன் பக்கத்தில் படுத்து விளக்குப் பிடித்தான், எண்ணிக்கையும் சொன்னான். டிசைனரை அவள் போகவிடவில்லை.

“டிக். கேட்டுதா தம்பி? இது உன் புண்ணியம். டிக். இதுவும் உன் புண்ணியம். என் முதுகு வலிக்குது பார், அதுவும் உன் புண்ணியம்தான்.”

டிசைனர் முகத்தில் ஈயாடவில்லை. இறுகியது உறுதியானதும் ஒவ்வொன்றிலும் புதுக் கோடு விழுந்தது. ஐம்பது. அறுபது. வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எண்பது.

எண்பத்தொன்று, பின்பக்க இடது சக்கரத்தின் கீழ்க் கை. ரென்ச்சை இழுத்தாள். ‘டிக்’ வரவில்லை. போல்ட் கால் சுற்று சுற்றியது, இன்னொரு கால் சுற்றும் சுற்றியது, அப்புறம்தான் சொன்னது. கணவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நேற்றுச் சாயங்காலம் பேனாவில் மை தீர்ந்துகொண்டிருந்தது. மை வருகிறபோதே போட்டுவிடுவோம் என்று, கடைசி ஆறு போல்ட்டுக்கும் முறுக்குவதற்கு முன்பே கோடு இழுத்துவிட்டாள். ஐந்தை முறுக்கினாள். அதற்குள் குழுப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் கோடு இருந்தது. பெட்டியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

“முறுக்கியாச்சுல்ல, விடு. யாருக்கும் தெரியாது” என்று கணவன் காதோடு சொன்னான்.

மீதி மூன்றும் ஒழுங்காக ‘டிக்’ என்றன. அவள் வெளியே வந்து எழுந்து நின்றாள்.

“சார், ஒண்ணு லூஸா இருந்துது. என் தப்பு. முறுக்காமலே கோடு போட்டிருக்கேன். இந்தத் தம்பி துடைக்காம விட்டிருந்தா, கோட்டைப் பார்த்து நானே கையெழுத்துப் போட்டு இவரை மேல அனுப்பியிருப்பேன்.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடமெல்லாம் கிரீஸ்.

பிறகு டிசைனர் பக்கம் திரும்பினாள். “தம்பி, காலைலேர்ந்து உன்னைத் திட்டினதுல பாதியைத் திரும்ப எடுத்துக்கிறேன்.”

“பாதிதானாக்கா?”

“கேட்காம துடைச்சது தப்புதானே? அந்தப் பாதி உனக்கே இருக்கட்டும்.”

இன்ஜினியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் டிரைவரைப் பார்த்துக் கேட்டார்: “என்ன சொல்றீங்க? வேணாம்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நேரே வண்டிக்குப் போனாள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், ஆள் எடைக்காக அறுபது கிலோ மணல் மூட்டையை வைத்து பெல்ட் போட்டிருந்தார்கள். பெல்ட்டைக் கழற்றி மூட்டையைக் கீழே உருட்டினாள்.

“ஒரு ஆள் எடை வேணும்னுதானே இது? நான் உக்காந்துக்கிறேன்.”

“மூட்டை அறுபது கிலோதான். நீ உக்காந்தா இன்ஜினியர் கணக்கே மாறிடுமே!” என்றான் கணவன்.

“மாறட்டும். வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க.”

இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

வண்டி சரிவின் அடியில் வந்து நின்றபோது மணி பத்தே கால். ஏற ஆரம்பித்ததும் அவளுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் தான் முறுக்கிய வண்டியில் அவள் ஏறியதே இல்லை. பாதி வழியில் இடது பின்சக்கரம் பெரிய பாறைமேல் ஏறி இடுப்புயரம் தூக்கிக்கொண்டது. இரும்புக் கை முழுசாக மடங்கி முனகியது. கீழே யாரோ “ஐயோ!” என்றார்கள். மற்ற மூன்று சக்கரங்களும் பாறையை விடவில்லை. வண்டி மெல்ல, சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

உச்சியில் நிறுத்தினான். கீழே கைதட்டல் காதைப் பிளந்தது. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“பாரு, ஊரே தெரியுது! எப்படி இருக்கு?”

அவள் பக்கம் திரும்பினான். கதவில்லாத பக்கத்தில் பாதி உடம்பை வெளியே நீட்டி, பெல்ட் இழுத்த இழுப்பில் தொங்கிக்கொண்டு, அவள் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய பாறையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறாள்.

“கோடு நேரா இருக்குங்க” என்றாள்.